இரு தாய்மார் சந்தித்த வேளை

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் ஒரு பயணம் சொல்லப்படுகிறது. தாம் கருவுறப் போகும் செய்தியை வானதூதரிடம் கேட்டறிந்த மரியாள், யூதேயாவின் மலைநாட்டிற்கு விரைந்து சென்று, தம் உறவினரான எலிசபெத்தைக் காண்கிறார். எலிசபெத்து முதியவர்; மலடி என ஊராரால் ஏசப்பட்டவர்; இப்போது ஆறு மாதச் சூலி. மரியாளின் வாழ்த்தொலி கேட்டதும் எலிசபெத்தின் வயிற்றிலிருந்த குழந்தை துள்ளியது என்கிறார் லூக்கா. அக்குழந்தையே பின்னாளில் திருமுழுக்கு யோவான். மரியாள் ஏறத்தாழ மூன்று மாதம் அங்குத் தங்கினார்.

எழுதுபவருக்குத் 'துள்ளியது' என்னும் ஒரு சொல் போதும். தூரிகை பிடித்தவர் என்ன செய்வார்? வயிற்றினுள் நிகழ்ந்ததை எவ்வாறு காட்டுவார்? கிறித்தவக் கலைஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இக்கேள்வியோடு போராடியுள்ளனர்.

பழைமையான சித்திரிப்புகளுள் ஒன்று, இன்றைய குரோவாசியாவின் பொரெச் நகரப் பேராலயத்தில் 6ஆம் நூற்றாண்டில் பதிக்கப்பட்ட வண்ணக்கல் ஓவியம். இரு பெண்களும் வயிறு தெரிய நேருக்கு நேர் நிற்கின்றனர். பின்னால் ஒரு பணிப்பெண் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்க்கிறாள். லூக்கா சொல்லாத அந்தப் பெண்ணை எனக்கு மிகவும் பிடிக்கும். பிள்ளைத்தாய்ச்சிகள் இருவர் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில் அப்படி எட்டிப் பார்ப்பவர் ஒருவராவது இருக்கத்தானே செய்வார்!

அந்தோணியாரால் நம்மவர்க்கும் பெயர் தெரிந்த பதுவை நகரில், 1305ஆம் ஆண்டளவில் ஜியோட்டோ தீட்டிய சுவரோவியத்தில் வயிறுகள் முதன்மை பெறவில்லை. பார்வைதான் பேசுகிறது. எலிசபெத்து குனிந்து மரியாளைத் தழுவி, முகத்தை நிமிர்த்தி அவர் கண்களை நோக்குகிறார். வயதில் மூத்தவர் இளையவர்முன் குனிகிறார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். பெரியோரை வணங்கக் கற்பிக்கும் நமக்கு இது சற்றே வியப்பளிக்கும்.

சுவிட்சர்லாந்தின் காத்தரினன்தால் கன்னியர் மடத்திற்காக 1310 முதல் 1320க்குள் அக்ரூட் மரத்தில் செதுக்கப்பட்ட சிற்பமோ நேராகவே விடை தருகிறது. கான்ஸ்டன்சு நகரச் சிற்பி ஐன்ரிக்கின் படைப்பாகக் கருதப்படும் இது, இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. இரு பெண்களின் உடலிலும் குழிவெட்டி, அதன்மேல் படிகக்கல் பதித்திருக்கிறார்கள். உள்ளே குழந்தைகளின் உருவம் இருந்திருக்கலாம் என்பர் அறிஞர். தாய்மையைத் துறந்த கன்னியர் அன்றாடம் அதன்முன் வேண்டிக்கொண்டனர் என்பதை எண்ணும்போது மனம் நெகிழ்கிறது.

ரோகியர் வான் டெர் வெய்டன் 1430களின் பிற்பகுதியில் தீட்டிய ஓவியத்தில், இருவரும் ஒருவர் வயிற்றின்மீது ஒருவர் கைவைத்துப் பார்க்கின்றனர். மரியாள் கருவுற்றுச் சில நாள்களே ஆகியிருக்க, அவர் வயிறும் மேடிட்டே காணப்படுகிறது. இதனைப் பிழை எனக் கொள்ளல் ஆகாது. ஓவியர் காலக்கணக்கைவிடக் கைகளின் பரிவையே பெரிதாக மதித்துள்ளார்.

எனினும், இவ்வோவியங்களுள் என்னைப் பெரிதும் கலங்கவைப்பது புளோரன்சு நகரின் சாந்தா மரியா நொவெல்லா ஆலயத்தில் உள்ளது. செல்வரான ஜியோவன்னி தோர்னபுவோனியின் பொருளுதவியால் கிர்லாண்டாயோ 1485 முதல் 1490 வரை அங்குச் சுவரோவியங்கள் தீட்டினார். மரியாளும் எலிசபெத்தும் நடுவில் சந்திக்க, வலப்புறம் பொன்னிழை ஆடை உடுத்திய இளம்பெண் ஒருத்தி பக்கவாட்டில் நிற்கிறாள். அவள் அந்தச் செல்வரின் மருமகள் ஜியோவன்னா. 1486இல் மணமுடித்து, மறு ஆண்டே ஓர் ஆண்மகவை ஈன்றவள். இரண்டாம் பேற்றின்போது 1488இல் இறந்தாள். அப்போது அவளுக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. சுவரோவியப் பணி நிறைவுற்றபோது அவள் மறைந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. மாமனாரின் மனைவி பிரான்செஸ்கா பித்தியும் 1477இல் பேறுகாலத்திலேயே இறந்தவர்.

இதை அறிந்தபின் அந்தச் சுவரோவியம் வேறாகத் தெரிகிறது. அக்காலத்தில் பணமோ பதவியோ பேறுகாலத்தில் ஓர் உயிரைக் காக்கவில்லை. ஆலயத்திற்கு வந்து இந்தச் சந்திப்பை அண்ணாந்து நோக்கிய பெண்களுள், பிழைப்போமா என்ற அச்சத்தை மடியில் கட்டிக்கொண்டு நின்றவர் எத்தனை பேரோ! இரு தாய்மாரும் இரு பிள்ளைகளும் நலமாயிருக்கும் அக்காட்சி அவர்களுக்கு வெறும் அழகுப்பொருளாக இருந்திருக்க முடியாது.

ஜியோவன்னாவின் கணவர் லொரென்சோ, புளோரன்சின் வேறோர் ஆலயத்தில் இருந்த தம் சிற்றாலயத்திற்காக அதே கிர்லாண்டாயோவிடம் ஓர் ஓவியம் கேட்டார். எந்தக் காட்சி தெரியுமா? மீண்டும் இதே சந்திப்பு. 1491 என ஆண்டு குறிக்கப்பெற்ற அவ்வோவியம் இன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் எலிசபெத்து முழந்தாளிட்டிருக்கிறார். மரியாள் குனிந்து, அந்த மூதாட்டியின் தோள்களில் இரு கைகளையும் வைத்திருக்கிறார்.