ஆணுக்குக் குதிரை, பெண்ணுக்குக் கட்டில்

1860 ஜூலையில், பதினொரு நாள் இடைவெளியில், அமெரிக்காவில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. 3-ம் தேதி ஹார்ட்ஃபோர்டில் சார்லட் பெர்கின்ஸ். 14-ம் தேதி பிலடெல்ஃபியாவில் ஓவன் விஸ்டர். இருபத்தைந்தை ஒட்டிய வயதில் இருவருக்குமே மனம் தளர்ந்தது. இருவரும் போனது ஒரே மருத்துவரிடம்: பிலடெல்ஃபியாவின் நரம்பு நோய் நிபுணர் சைலஸ் வெயர் மிட்செல். 1885-ல் விஸ்டரை அவர் வயோமிங் மாட்டுப்பண்ணைக்கு அனுப்பினார். குதிரைச் சவாரி, வேட்டை, கூடாரத்தில் தூக்கம் என்று தேறி வந்த விஸ்டர், பின்னாளில் கௌபாய் நாவல் எழுதிப் பெயர் பெற்றார். 1887-ல் சார்லட் வந்தார். அவரைப் படுக்கச் சொன்னார் மிட்செல்.

உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட வீரர்களின் நரம்புகளை ஆராய்ந்து பெயரெடுத்தவர் அவர். 1877-ல் ‘கொழுப்பும் இரத்தமும்’ என்ற புத்தகத்தில் தன் ‘ஓய்வு சிகிச்சை’யை விளக்கினார். பெண் நோயாளி ஆறு வாரம், சில வேளை இரண்டு மாதம் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது. ஆரம்ப நாட்களில் எழுந்து உட்காரவும், தைக்கவும், படிக்கவும், எழுதவும் தடை. பாலும் சத்துணவும் ஊட்டிக் கொழுக்க வைப்பார்கள். இப்படியே கிடந்தால் தசை வாடிவிடுமே? அதற்கு உடம்பு பிடித்துவிட ஒருவர். தசையைத் துடிக்க வைக்க மின்சாரம். ஆக, உடற்பயிற்சியைக்கூட அவளுக்காக வேறு யாரோ செய்துவிட வேண்டும்!

அன்றைய மருத்துவத்தின் பொதுப் புத்தியே அதுதான். பெண் மூளையை வருத்திப் படித்தால் கருப்பைக்குப் போக வேண்டிய இரத்தம் தலைக்குப் போய்விடும் என்று 1873-ல் எழுதினார் ஹார்வர்டைச் சேர்ந்த டாக்டர் எட்வர்ட் கிளார்க். அந்தப் புத்தகம் பதிப்புமேல் பதிப்பாக விற்றது. 1885-ல் பட்டதாரிப் பெண்களின் சங்கம் 705 பேரிடம் உடல்நலம் விசாரித்து, அப்படி ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று காட்டியது.

இத்தனைக்கும் சார்லட் நோஞ்சான் இல்லை. அப்பா விட்டுவிட்டுப் போன குடும்பம். கடனுக்கும் வாடகைக்கும் பயந்து வீடு வீடாக மாறிய பிள்ளைப்பருவம். விளம்பர அட்டைகளுக்குப் படம் வரைந்து சம்பாதித்த அந்தப் பெண்ணின் கையில், உடல் வலிமை பற்றி வில்லியம் பிளேக்கி 1879-ல் எழுதிய புத்தகம் கிடைத்தது. அதைப் படித்ததும் கச்சு இறுக்கிய உடையைத் தள்ளிவிட்டு ஓடத் தொடங்கினார். 1881-ல் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் ஒரு மருத்துவரோடு சேர்ந்து பெண்களுக்கென்றே உடற்பயிற்சிக்கூடம் தொடங்க உதவினார். அங்கே கயிறேறினார், வளையத்துக்கு வளையம் தாவினார். இரண்டு வருடம் கழித்து அந்தக் கூடத்தைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகையில் கட்டுரையும் எழுதினார். தன் உடம்பு தன் சொல் கேட்கிறது என்ற எண்ணம், கையில் காசில்லாத இருபது வயதுக்காரிக்குச் சின்னச் சொத்தல்ல.

1884-ல் கல்யாணம், 1885-ல் பெண் குழந்தை. பிறகு அழுகை, அயர்ச்சி, எதிலும் பிடிப்பின்மை. ஓய்வு சிகிச்சைக்குப் பிறகு, அவருக்கு உடம்பில் கோளாறு ஒன்றுமில்லை என்று முடிவு செய்து அவரை வீட்டுக்கு அனுப்பினார் மிட்செல். குடும்பத்தையே கவனி, குழந்தையை எப்போதும் அருகில் வைத்துக்கொள், சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் படு, இனி பேனாவையும் தூரிகையையும் தொடாதே. அப்படியே செய்தார் சார்லட். கட்டிலுக்கடியிலும் அலமாரிக்குள்ளும் ஒளிந்துகொள்ளும் நிலைக்கு வந்தார். மறு வருடமே கணவரைப் பிரிந்து, குழந்தையோடு கலிபோர்னியா போய் எழுத உட்கார்ந்தார். 1892 ஜனவரியில் வெளியான ‘மஞ்சள் சுவர்த்தாள்’ கதை அந்தக் கட்டிலிலிருந்து வந்ததுதான். கயிறேறியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்வது அபத்தம். பிள்ளைப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு அத்தனை எளிய சங்கதி அல்ல. தன்னை மீட்டது வேலை என்றே சார்லட் சொன்னார். ஆனால் அவரைத் தாங்கி நின்றவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, அதற்கு மருத்துவம் என்று பெயர் வைத்தார்கள்.

கதை வெளிவந்த அதே மாதம், மாசசூசெட்ஸின் ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்தார் செண்டா பெரன்சன். லிதுவேனியாவில் பிறந்து பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்த யூதக் குடும்பத்துப் பெண். பியானோ படிக்கப் போய், முதுகு தாங்காமல் பாதியில் விட்டவர். உடம்பு தேற வேண்டுமென்று 1890-ல் பாஸ்டன் உடற்பயிற்சி ஆசிரியர் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு அது அறவே பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றாலே வலி. மாதங்கள் போகப் போக முதுகும் நிமிர்ந்தது, மனமும் மாறியது.

பக்கத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் ஆண்களுக்காகக் கூடைப்பந்து என்று புது ஆட்டம் கண்டுபிடித்திருந்தார். பெரன்சன் அதை வாங்கித் தன் மாணவிகளிடம் கொடுத்தார். 1893 மார்ச்சில் முதலாண்டுக்கும் இரண்டாமாண்டுக்கும் போட்டி. தொளதொள கால்சட்டையில் பெண்கள் ஆடியதால் பார்க்க ஆண்களுக்கு அனுமதியில்லை. பெரன்சன் முதல் பந்தை மேலே வீசியபோது அவர் கை பட்டு நடு ஆட்டக்காரியின் தோள் மூட்டு நழுவியது. அந்தப் பெண்ணை உள்ளே அழைத்துப் போய் மூட்டைப் பொருத்தினார்கள். பதிலுக்கு வேறொருத்தி இறங்க, ஆட்டம் நடந்தது. இரண்டாமாண்டு 5-4 என்று ஜெயித்தது. சுற்றிநின்ற மாணவிகளின் கூச்சல் காதைப் பிளந்ததாம்.

மருத்துவர்களின் பயம் பெரன்சனையும் முழுக்க விடவில்லை. பெண்கள் அளவுக்கு மீறி ஓடிக் களைக்கக் கூடாதென்று மைதானத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டார். கோட்டைத் தாண்டக் கூடாது, எதிராளியின் கையிலிருக்கும் பந்தைப் பறிக்கக் கூடாது. பிற்பாடு மூன்று பகுதி இரண்டானது. ஐயோவா மாநிலத்துப் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் நடுக்கோட்டைத் தாண்டாமல் கூடைப்பந்து ஆடுவது 1993-ல்தான் நின்றது.