பல் மருத்துவரும் கடைசிக் காலமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் பல்வலி வந்தால் முதலில் கிராம்பு. அப்புறம் உப்புத் தண்ணீர். அதற்கும் அடங்காவிட்டால்தான் டவுனுக்கு பஸ் ஏறுவார்கள். ஏன் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டீர்கள் என்று கேட்டால் காசு, தூரம், வேலை, ஊசி பயம் என்று நான்கு காரணம் வரும். இவை எல்லா ஊரிலும் உண்டு. உலகத்தின் பல மூலைகளில் ஐந்தாவதாக ஒரு காரணமும் இருந்து வந்திருக்கிறது: உலக முடிவு நெருங்கிவிட்டது, ஆண்டவர் வரப்போகிறார், அழியப்போகிற உடம்புக்கு எதற்கு இத்தனை வைத்தியம் என்ற எண்ணம்.

அந்தக் காத்திருப்பு தென் தமிழ்நாட்டுக்கு வந்த வழியைத் தேடிப் போனால் ஒரு பல் மருத்துவர் வந்து நிற்கிறார் என்பதுதான் வேடிக்கை! பெயர் ஆந்தணி நாரிஸ் குரோவ்ஸ். 1795-ல் பிறந்த ஆங்கிலேயர். பிளைமவுத்திலும் எக்ஸெடரிலும் பல் வைத்தியம் பார்த்து நன்றாகச் சம்பாதித்தவர். கிறிஸ்து சீக்கிரம் திரும்பி வருவார் என்று நம்பியவர். கிறிஸ்தவன் எதிர்காலத்துக்கென்று சொத்து சேர்க்கக்கூடாது என்று 1825-ல் ஒரு சிறு புத்தகம் போட்டார். எழுதியதோடு நிற்கவில்லை. தொழிலை விட்டுவிட்டு 1829-ல் குடும்பத்தோடு பாக்தாத் போனார். 1831-ல் அங்கே பிளேக் வந்தது, கூடவே டைக்ரிஸ் ஆற்றில் வெள்ளம். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். குரோவ்ஸ் குடும்பம் தங்கிவிட்டது. அந்த பிளேக்கில் அவர் மனைவி மேரி இறந்தார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குரோவ்ஸ் மருந்துக்கு எதிரி அல்ல. பாக்தாதில் அவரே கண் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். அவர் தள்ளி வைத்தது மருந்தை அல்ல, நாளையை.

1833-ல் அவர் இந்தியா வந்தார். அவரிடம் சீடரானவர்களில் ஒருவர் திருநெல்வேலிச் சீமையின் ஜான் கிறிஸ்டியான் அருளப்பன். மிஷன் சம்பளம் இல்லாமல் ஆண்டவரை நம்பியே ஊழியம் என்பதை அருளப்பன் அப்படியே பிடித்துக்கொண்டார். 1840-ல் வத்திராயிருப்பு பக்கம் கிறிஸ்டியான்பேட்டையை உண்டாக்கினார். அருப்புக்கோட்டை இருக்கும் அதே விருதுநகர் மாவட்டத்தில்தான் இன்று அந்த ஊரும் இருக்கிறது. 1860-ல் அங்கே ஒரு பெரிய எழுப்புதல் நடந்தது. தரிசனம், தீர்க்கதரிசனம், அந்நிய பாஷை எல்லாம் அதில் உண்டு. அந்த அலை 1870-களில் திருவிதாங்கூரையும் தொட்டது. அங்கே வித்வான்குட்டி என்ற ஜஸ்டஸ் ஜோசப்பின் கூட்டம் 1881-ல் கிறிஸ்து வருவார் என்று தேதியே குறித்துவிட்டது. 1881 வந்தது, போனது.

மருந்தையே தொடாதே என்ற போதனை வேறு வழியாக வந்தது. அமெரிக்காவில் ஜான் அலெக்சாண்டர் டவி என்பவர் 1901-ல் தன்னை எலியா தீர்க்கதரிசி என்று அறிவித்துக்கொண்டார். சிகாகோவுக்கு வடக்கே அவர் கட்டிய சீயோன் நகரத்தில் டாக்டருக்கும் இடமில்லை, மருந்துக் கடைக்கும் இடமில்லை. அவரிடமிருந்து போனவர்கள் பலர் ஆரம்ப கால பெந்தெகொஸ்தே இயக்கத்தில் கலந்தார்கள். நம் பக்கம் 1920-களில் இலங்கையில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் தோன்றியது. தொடங்கிய பாஸ்டர் பால் கேரளத்திலிருந்து சிறு வயதில் கொழும்பு போனவர், இயற்பெயர் ராமன்குட்டி. இரண்டாம் வருகைக்கு ஆயத்தமாவதும், மருந்தில்லாத தெய்வீக சுகமும் இந்தச் சபையின் முக்கியமான போதனைகள். இன்று தி பெந்தெகொஸ்தே மிஷன் என்ற பெயரில், சென்னை தாம்பரம் அருகே இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கிறது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம். பெரும்பாலும் யாரும் வைத்தியமே வேண்டாம் என்று ஒரேயடியாக முடிவெடுப்பதில்லை. இன்னும் ஒரு வாரம் ஜெபித்துப் பார்க்கலாம் என்றுதான் ஆரம்பிக்கும். சில நோய்கள் அந்த ஒரு வாரத்தில் நம்மை நன்றாக ஏமாற்றும். சொத்தைப் பல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சொத்தை உள்ளே இறங்கி நரம்பைத் தொடும்போது உயிர் போகிற வலி. சில நாளில் அந்த நரம்பு செத்துவிடும், வலி நின்றுவிடும். சுகம் கிடைத்தது என்று சாட்சி சொல்லியும் முடித்திருப்பார்கள். ஆனால் வேரடியில் சீழ் கட்டிக்கொண்டிருக்கும். அது தாடைக்கும் கழுத்துக்கும் இறங்கினால் மூச்சுக்கே ஆபத்து. சர்க்கரை நோயாளியின் கால் புண்ணும் இப்படித்தான், உணர்ச்சி போய்விட்டதால் வலிக்காது. காசநோய்க்கு மருந்து ஆறு மாதம், ஆனால் இருமல் சில வாரங்களிலேயே குறையும். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வரலாம்.

அப்புறம் அந்தச் சாட்சி. குணமானவர் எழுந்து நின்று சொல்வார், சபையே ஸ்தோத்திரம் சொல்லும். குணமாகாதவர் எழுந்து நிற்க முடியாது, இறந்தவர் வரவே முடியாது. லாபத்தை மட்டும் எழுதி நஷ்டத்தை எழுதாத பேரேட்டைப் பார்த்தால் எந்தக் கடையும் ஓகோவென்று நடப்பதாகத்தான் தெரியும். நாளை என்பதன் மதிப்பைப் பூஜ்ஜியமாக்கிவிட்டால் பல்லுக்கு சிமெண்ட் அடைப்பதும் இன்ஷூரன்ஸ் கட்டுவதும் வீண் செலவுதானே! பெரியவர்கள் தங்கள் பல்லுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டால் அது அவர்கள் பாடு. பிள்ளைகளின் பல்லுக்கும் அவர்களே போடுவதுதான் கொடுமை. யெகோவாவின் சாட்சிகள் 1931-ல் தடுப்பூசி கூடாது என்று தங்கள் பத்திரிகையில் எழுதினார்கள். 1952-ல் அவரவர் விருப்பம் என்று மாற்றிக்கொண்டார்கள். நடுவில் இருபத்தொரு வருடம். அந்த வீடுகளில் பிறந்த குழந்தைகளை யாரும் விருப்பம் கேட்கவில்லை.

உடம்பு பெரிதில்லை என்று நம்புகிறவர்கள் எல்லோரும் டாக்டரைத் தள்ளி வைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷியைவிடவா உடம்பைத் துச்சமாக நினைத்தவர் உண்டு? அவர் கையில் கட்டி வந்தபோது 1949-ல் டாக்டர்கள் நான்கு முறை அறுவை சிகிச்சை செய்தார்கள். கையை எடுப்பதற்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை.

இன்னொரு கூட்டத்தின் கதை இதைவிட ஆச்சரியம். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் சொன்னதை நம்பி, 1844 அக்டோபர் 22-ல் உலகம் முடியும் என்று ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். சிலர் வயலில் விளைந்ததை அறுக்கக்கூட இல்லை. மறுநாள் வழக்கம்போல விடிந்தது. அழுது முடித்தவர்களில் ஒரு பகுதியினர்தான் பிறகு ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை ஆனார்கள். வருகை சீக்கிரம் என்ற நம்பிக்கையை அவர்கள் விடவில்லை. ஆனால் 1866-லேயே பேட்டில் கிரீக்கில் ஒரு மருத்துவ நிலையம் திறந்துவிட்டார்கள். 1908-ல் நாசரேத் பக்கம் பிரகாசபுரத்துக்கும் வந்து சேர்ந்தார்கள். வருகைக்குக் காத்திருப்பவர்கள் என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கும் அந்தச் சபைதான் ஆந்திராவில் நூஸ்வீடு கிஃபர்ட் நினைவு மருத்துவமனையையும் கட்டியது.