நாற்பது துளிக் கணக்கு

நாற்பது துளிக் குருதி சேர்ந்து ஒரு துளி விந்தாகிறது என்னும் கூற்றைக் கேளாத தமிழிளைஞர் அரியர். பள்ளித் தோழர் வாயிலாகவோ, உடற்பயிற்சிக் கூடத்து மூத்தவர் வாயிலாகவோ, பேருந்து நிலையச் சுவரொட்டி வாயிலாகவோ அது அவர் செவியை எட்டிவிடுகிறது. அன்று முதல், உறக்கத்தில் தானே நிகழும் ஒன்றைக்கூட அவர் பேரிழப்பாக எண்ணிக் கலங்குகிறார். உடல் சற்றே தளர்ந்தாலும், படித்தது மறந்தாலும், கண்ணடியில் கருமை படர்ந்தாலும் காரணம் அதுவே என்று முடிவு கட்டுகிறார். யாரிடமும் கேட்க நாணுகிறார்.

இலக்கிய வட்டத்தின் மலரில் இப்பொருள் இடம்பெறுதல் தகுமோ என்று ஐயுறுவார் இருக்கலாம். ஒரு சொல் வழிவழியாக வந்து மனிதரை ஆட்டிவைக்கும் வகையை ஆராய்தலும் இலக்கியத்தின் பணியே. அன்றியும், வெளிப்படப் பேசப்படாதவை மறைவில் விலைபோகின்றன. ஆதலின் விந்தடக்கம் என்னும் கொள்கை எங்குத் தோன்றி, எவ்வாறு வளர்ந்து, இன்று எந்நிலையில் நிற்கிறது என்பதைச் சுருங்கக் காண்போம்.

நம் மரபின் இரு குரல்கள்

விந்து என்பது புள்ளி, துளி எனப் பொருள்படும் ‘பிந்து’ என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். சைவ சித்தாந்தத்தில் நாதமும் விந்துவும் தத்துவங்கள். அங்கே அச்சொல் உடலின் நீர்மத்தைக் குறிப்பதன்று. எனினும் யோக நூல்கள் இவ்விரு பொருளையும் பிணைத்தே பேசின. திருமந்திரத்தின் ஏழாம் தந்திரத்தில் விந்துவின் தோற்றம் பற்றியும், அதனை வெல்லுதல் பற்றியும் தனித்தனிப் பகுதிகள் உள்ளன. 15ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அடயோகப் பிரதீபிகை, விந்துவை மேலேற்றும் வச்சிரோலி முத்திரையை விளக்குகிறது. இவை யாவும் வீடுபேற்றை நாடிய சிலருக்கு ஆசான் முன்னிலையில் சொல்லப்பட்டவை. மூச்சும் மனமும் விந்தும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்பது அவர்தம் கருத்து. தேர்வில் மதிப்பெண் பெறவும் தோள் பருக்கவும் சொல்லப்பட்ட வழிகள் அல்ல அவை.

மருத்துவ நூல்களின் நோக்கு வேறு. உண்ட உணவு சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என ஏழு கட்டுகளாகப் படிப்படியே மாறுகிறது என்பது ஆயுர்வேதத்திற்கும் சித்த மருத்துவத்திற்கும் பொதுவான கொள்கை. உணவின் சாரம் சுக்கிலமாக ஏறத்தாழ ஒரு திங்கள் ஆகும் என்று சுசுருதர் கணக்கிட்டார். ஏழாம் படியில் நிற்பது ஏனைய ஆறினும் அரியது என்னும் எண்ணம் இதிலிருந்து இயல்பாகவே கிளைத்தது. நாற்பது துளிக் கணக்கிற்கு நம் நாட்டில் நிலம் அமைந்தது இங்கேதான்.

ஆயினும் அதே நூல்களின் மறுகுரலை நாம் மறந்துவிட்டோம். அடக்கத் தகாத இயற்கை வேகங்கள் பதின்மூன்று என்று சரகர் எண்ணுகிறார். சித்த மருத்துவம் பதினான்கு என்னும். தும்மல், பசி, நீர்வேட்கை, கண்ணீர் ஆகியவற்றோடு சுக்கிலத்தின் வேகமும் அப்பட்டியலில் உண்டு. எழுந்த வேகத்தை வலிந்து அடக்கினால் உறுப்பில் நோவும் நீர்க்கட்டும் நேரும் என்று அவை எச்சரிக்கின்றன. பிரசின உபநிடதமோ இரவில் கூடி வாழும் இல்லறத்தாரையும் பிரமசரியம் காப்பவர் என்றே கொள்கிறது. துறவுக்கும் அதிகாரம் வகுத்த வள்ளுவர், காமத்துப்பாலுக்கு 25 அதிகாரங்களை ஒதுக்கினார். அளவறிந்து வாழ்தலே பழைய நெறி. அஞ்சி வாழ்தல் அன்று.

சீனமும் ஐரோப்பாவும்

இக்கருத்து நமக்கே உரியதன்று. சீன நாட்டின் மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்று 1973இல் அகழப்பட்டது. அதிற் கிடைத்த பட்டுச் சுவடிகளும் மூங்கில் ஏடுகளும் உயிர்ச்சாரத்தைப் பேணும் முறைகளைப் பேசுகின்றன. பிற்காலத் தாவோ மரபினர், வெளிப்படும் தறுவாயில் குறித்த இடத்தை விரலால் அழுத்தினால் விந்து முதுகுத்தண்டின் வழியே மூளைக்கு ஏறும் என்று நம்பினர். உண்மையில் அவ்வாறு அழுத்தும்போது அது சிறுநீர்ப்பைக்குள் சென்று, பின்னர்ச் சிறுநீரோடு வெளியேறுகிறது. கிரேக்க மருத்துவத்திலும் இரு குரல்கள் இருந்தன. மிகையான இழப்பால் முதுகுத்தண்டு தேயும் என்றது இப்போகிரேட்டீசின் மரபு. தேங்குவதும் கேடு செய்யும் என்றார் காலன்.

இக்கருத்தைப் பெருந்திரளான மக்களின் அச்சமாக மாற்றியது 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பா. அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஒனானியா’ என்னும் பெயரறியா நூல் இலண்டனில் வெளிவந்தது. தற்புணர்ச்சியால் வரும் கேடுகளை அடுக்கிக் காட்டிய அந்நூல், அவற்றுக்கு மருந்தும் விற்றது. அடுத்து இலோசான் நகர மருத்துவர் திசோ, 1760இல் பிரெஞ்சு மொழியில் தம் நூலை வெளியிட்டார். ஓர் அவுன்சு விந்தின் இழப்பு 40 அவுன்சு குருதி இழப்பினும் கொடிது என்பது அவர் கூற்று. அதே நாற்பதைத்தான் நம் ஊர்த் திண்ணைகளிலும் கேட்கிறோம்! சமயம் பாவம் என்று சொன்னதை மருத்துவம் நோய் என்று மொழிபெயர்த்தது.

பிரான்சின் லாலமான் என்னும் அறுவை மருத்துவர், 1836 தொடங்கி, தானே ஒழுகும் விந்தைப் பெருநோயாக வருணித்து, சிறுநீர் வழியில் வெள்ளி நைத்திரேட்டால் சுட்டுச் சிகிச்சை செய்தார். அமெரிக்காவில் 1830களில் சில்வெசுட்டர் கிரகாம், காரமும் ஊனும் நீக்கிய உணவால் இச்சையை அடக்கலாம் என்று சொற்பொழிவாற்றினார். அவர் பெயர் இன்று ஒரு மாச்சில்லின் பெயராக எஞ்சியுள்ளது.

அடிமை நாட்டில் ஆண்மை

இவ்வைரோப்பிய அச்சம் இந்தியாவிற்கு வந்தபோது, நம் ஏழு தாதுக் கொள்கையோடு எளிதில் கலந்தது. அதற்கு அரசியற் காரணமும் உண்டு. 1841இல் வாரன் ஏசுடிங்சைப் பற்றி எழுதிய கட்டுரையில் மெக்காலே, வங்காளியரை மெலிந்தவர், ஆண்மை குன்றியவர் என்று இகழ்ந்தார். ஆளப்படுவோர் வலிமையற்றோர் என்னும் பழி, படித்த இந்தியரின் நெஞ்சைச் சுட்டது. இழந்த வலிமையை எங்கே தேடுவது? தயானந்தரும் விவேகானந்தரும் பிரமசரியத்தை நாட்டின் மறுமலர்ச்சிக்கு அடிப்படையாகக் காட்டினர். மாணவப் பருவத்தின் ஒழுக்கமாக இருந்த ஒன்று விடுதலை வேட்கையின் சின்னமாயிற்று.

காந்தியடிகள் 1906இல் தென்னாப்பிரிக்காவில் பிரமசரிய விரதம் ஏற்றார். பொதுப்பணிக்குத் தம்மை முழுவதும் ஒப்படைக்கும் நோக்கம் அதிலிருந்தது. 1935 திசம்பரில் மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கு வந்து கருத்தடைச் சாதனங்களுக்காக வாதாடியபோது, தன்னடக்கமே தக்க வழி என்று அடிகள் மறுத்துவிட்டார். நெல்லைச் சீமையின் பத்தமடையில் 1887இல் பிறந்து, மலாயாவில் மருத்துவப் பணிபுரிந்து, இரிசிகேசத்தில் துறவு பூண்ட சுவாமி சிவானந்தர், விந்தைப் பேணுதல் குறித்துத் தனி நூலே எழுதினார். மருத்துவம் கற்ற துறவியின் சொல்லாதலின் அதற்குச் செல்வாக்கு மிகுந்தது.

அக்காலத்திலேயே தமிழகத்தில் மற்றொரு குரலும் எழுந்தது. பெரியார் ஈ.வெ.ரா. கருத்தடையைப் பெண்விடுதலையின் கருவியாக முன்வைத்தார். ஆண் தன் விந்தைக் காப்பானா என்னும் கேள்வி, பெண் தன் உடலைத் தான் ஆள்வாளா என்னும் கேள்வியாக மாறியது. விந்தடக்க நூல்கள் பெரும்பாலும் பெண்ணை ஆணின் ஆற்றலைக் கவர்பவளாகவே காட்டின என்பதை நினைத்தால், இம்மாற்றத்தின் சிறப்பு விளங்கும்.

அறிவியல் தந்த விடை

1677இல் லேவன்ஊக் தம் உருப்பெருக்கியில் விந்தணுவைக் கண்டார். 1889இல், 72 வயதான பிரௌன் செக்கார் என்னும் அறிஞர், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றைத் தமக்கே ஊசியாகச் செலுத்திக்கொண்டு, இளமை திரும்பியதாகப் பாரிசில் அறிவித்தார். அது மனமயக்கமே, ஆயினும் அத்தேடல் வீண்போகவில்லை. 1935இல் டெசுட்டோசிட்டிரோன் என்னும் இயக்குநீர் பிரித்தெடுக்கப்பட்டது. ஆண்மையின் ஆற்றல் விரையில் பிறக்கிறது என்ற முன்னோர் உள்ளுணர்வு பொய்யன்று. ஆனால் அவ்வியக்குநீர் நேரே குருதியிற் கலக்கிறது. விந்தில் தேங்கி நிற்பதில்லை. எனவே விந்து வெளியேறுவதால் அது வற்றிப்போவதுமில்லை.

விந்தின் பெரும்பகுதி விந்துப்பையும் புராசுடேட்டும் சுரக்கும் நீர்மம். விந்தணுக்கள் மிகச் சிறுபகுதியே. ஓர் அணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும் எனினும், ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கானவை முதிர்ந்த வண்ணம் உள்ளன. வெளியேறாதவற்றை உடலே சிதைத்து உறிஞ்சிக்கொள்கிறது.

நாற்பது துளிக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு முறை வெளியாவது ஏறத்தாழ 3 மில்லி லிட்டர் எனக் கொண்டால், அது 120 மில்லி லிட்டர் குருதிக்கு ஈடாக வேண்டும். மூன்று முறைக்கு 360. குருதிக் கொடையாளர் ஒரு தடவை தருவது 350 மில்லி லிட்டர். மீண்டும் கொடுக்க அவர் மூன்று திங்கள் காத்திருக்க வேண்டும். கணக்கு மெய்யாயின், புதுமணம் புரிந்தோர் எல்லாரும் ஓரிரு திங்களில் குருதிச் சோகையால் படுக்கையில் வீழ்ந்திருப்பர்!

நன்மையும் தீமையும்

அப்படியாயின் அடக்கத்தால் பயனே இல்லையா? தானே விரும்பி, வேறோர் உயர்ந்த நோக்கத்திற்காக ஒருவர் மேற்கொள்ளும் அடக்கம் உடலுக்குக் கேடு செய்வதில்லை. இச்சையின் பிடியிலிருந்து விலகி நிற்கும் மனத்தெளிவு சிலருக்கு வாய்க்கலாம். அது உளப்பயிற்சியின் பயன். சில நாள் தவிர்த்தால் விந்தின் அளவும் அணுக்களின் எண்ணிக்கையும் கூடும். விந்துச் சோதனைக்கு 2 முதல் 7 நாள் இடைவெளி கேட்பது இதனால்தான். ஆனால் நெடுநாள் தேங்கிய அணுக்களின் இயக்கம் குன்றுகிறது. ஆதலின் குழந்தை வேண்டுவோர்க்கு அது உதவாது. நினைவாற்றல், நீண்ட ஆயுள், முகப்பொலிவு ஆகியவை மிகும் என்பதற்கு உறுதியான சான்று கிட்டவில்லை. 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, ஏறத்தாழ 32,000 ஆடவரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கண்டது. அடிக்கடி விந்து வெளியேறுவோரிடம் புராசுடேட் புற்றுநோய் சற்றுக் குறைவாக இருந்தது என்பது அதன் முடிவு. இது தொடர்பைக் காட்டுகிறதே ஒழிய, காரணத்தை நிறுவவில்லை.

உண்மையான தீங்கு அச்சத்தில் உள்ளது. சிறுநீரில் உப்புக் கலந்து வெண்மையாகத் தோன்றுவதை விந்தொழுக்கு என்று நம்பி, சோர்வும் நெஞ்சுப் படபடப்பும் உறக்கமின்மையும் உற்று வருந்துவோரின் நிலையை, 1960இல் மனநல மருத்துவப் பேராசிரியர் விக் ‘தாத்து நோய்க்குறித் தொகுதி’ எனப் பெயரிட்டு விளக்கினார். 1992இல் உலக நலவாழ்வு அமைப்பின் நோய் வகைப்பாட்டிலும் அது இடம்பெற்றது. இவர்களுள் பலர்க்கு அடியில் இருப்பது மனச்சோர்வு. அதைக் கண்டறிந்து மருந்தும் அறிவுரையும் தந்தால் நலம் பெறுகின்றனர். கண்டறியாவிடில் விடுதி அறைகளில் முகாமிடும் போலி மருத்துவர்களிடம் பொருளையும் நம்பிக்கையையும் இழக்கின்றனர். இத்தகைய விளம்பரங்களைத் தடுக்க 1954இலேயே நடுவணரசு சட்டம் இயற்றியது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. சுவரொட்டி சுவரில் இருக்கிறது.

புலனடக்கம் ஓர் அறம். அறத்தை மேற்கொள்வதும் விடுவதும் அவரவர் உரிமை. ஆனால் அறத்தைக் குருதிக் கணக்கில் எழுதியபோது அது அச்சமாயிற்று, அச்சம் வாணிகமாயிற்று. துறவியின் தவத்தை மதிப்போம்; இல்லறத்தாரின் இன்பத்தை இழப்பென்று சொல்லாதிருப்போம். தந்தையர் தம் மைந்தரிடமும் ஆசிரியர் தம் மாணவரிடமும் வளரிளம் பருவத்தில், “இது இயல்பே, அஞ்சற்க” என்று ஒருமுறை சொல்வாராயின், அவ்வொரு சொல் ஆயிரம் லேகியங்களுக்கு மேலான மருந்தாகும்.