தேடும் பாதையின் சரித்திரம்

திண்டுக்கல் சமவெளியில், வேடசந்தூரிலும் நிலக்கோட்டையிலும் சின்னாளபட்டியிலும் கணினி அறிவியலைப் பாடமாக எடுத்த பிள்ளைகள், பதினோராம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் கற்று, மறு ஆண்டு பைத்தானுக்கு வருகிறார்கள். 2019இல் புதுப்பிக்கப்பட்ட பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல், மேட்பிளாட்லிப் என்னும் வரைபடத் தொகுப்பைப் பிப் என்ற கருவியால் நிறுவி, பின்னர் இம்போர்ட் என்ற கட்டளையால் நிரலுக்குள் வரவழைக்கும் முறையைத் தமிழிலேயே போதிக்கிறது. அங்ஙனம் வரவழைக்கையில், அப்பெயருடைய தொகுதி எதுவும் இல்லை என்று கணினி மறுத்துவிடுமானால், ஆரம்ப மாணவன் தன் புத்தியிலேயே ஏதோ குறை இருப்பதாக எண்ணிச் சோர்ந்து போகிறான். அவன் சோர்வது அநாவசியம். அந்த மறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் அவனுடைய அறிவில் இல்லை, கணினி தேடிய இடத்தில் இருக்கிறது.

பிறர் எழுதிய நிரலைக் கடன் வாங்கி நம் நிரலோடு சேர்த்துக்கொள்ளும் சம்பிரதாயம், 1949ஆம் ஆண்டு மே மாதத்தில் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் என்னும் யந்திரத்தோடு உருப்பெற்றது. அடிக்கடி வேண்டப்படும் கணக்கு முறைகளைத் துளையிட்ட காகித நாடாக்களில் பதித்து, அவற்றை ஒரு பேழையில் அடுக்கி, தேவைப்பட்டவர் எடுத்துத் தம் நாடாவில் பிரதி செய்துகொள்ளும்படி வைத்தார்கள். அந்த ஏற்பாட்டை அங்கே பணியாற்றிய வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் 1951இல் ஒரு நூலாகவே வெளியிட்டார்கள். கையால் எடுத்த அந்நாளில், நாடா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரிந்தது. தேடும் பொறுப்பை யந்திரமே ஏற்றுக்கொண்ட பின்னர்தான், எங்கே தேடிற்று என்பது மனிதனுக்கு மறைந்துபோயிற்று.

கீடோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட பைத்தான், ஒரு பெயரைச் சொன்னவுடன் உலகமெல்லாம் அலைவதில்லை. முதலில் நிரல் கோப்பு உள்ள அடைவையும், பிறகு பயனர் குறித்து வைத்த இடங்களையும், அதன் பின் மொழியோடு வந்த நூலகத்தையும், இறுதியில் பிப் நிறுவிய தொகுப்புகளின் இருப்பிடத்தையும் வரிசையாகப் பார்த்து, முதலில் அகப்பட்டதை எடுத்துக்கொள்கிறது. ஆகவே, சீரற்ற எண்களைத் தரும் ரேண்டம் தொகுதியைப் பழகும் மாணவன் தன் கோப்புக்கும் அதே பெயரை இட்டுவிட்டால், மொழியின் சொந்தத் தொகுதி மறைந்து, அவன் கோப்பே எதிரில் வந்து நிற்கிறது.

2003இல் பொதுத் தொகுப்புக் களஞ்சியமும் 2008இல் பிப்பும் தோன்றியபின் வசதி பெருகியதைப் போலவே குழப்பமும் பெருகிற்று. நிறுவும் பெயர் வேறு, அழைக்கும் பெயர் வேறு: எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் தோழர்களும் வளர்த்த ஓப்பன்-தமிழ் தொகுப்பை அம்முழுப் பெயரால் நிறுவ வேண்டும்; நிரலில் அழைக்கும்போதோ, தமிழ் என்ற பகுதியை மாத்திரம் ஆங்கில எழுத்தில் இட வேண்டும். மேலும், 2008இல் வந்த மூன்றாம் பைத்தானும், 2020 ஜனவரி முதல் நாளோடு ஆதரவிழந்த இரண்டாம் பைத்தானும் நெடுங்காலம் ஒரே கணினியில் கூடியிருந்தமையால், தொகுப்பு ஒன்றில் நிறுவப்பட்டு நிரல் மற்றொன்றில் இயங்கிய சங்கடம் சர்வ சாதாரணமாயிற்று. 2016இல் வெளியான 3.6ஆம் பதிப்பு, தொகுதியே அகப்படாத பிழைக்கு மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர் என்ற தனிப்பெயர் அளித்தது. ஆயினும் தேடிய இடங்களை அச்செய்தி இன்றும் சொல்வதில்லை.

இதற்குப் பரிகாரம் எளிது. சிஸ்.பாத் என்னும் பட்டியலை அச்சிட்டுப் பார்த்தால் தேடிய வரிசை முழுவதும் தெரியும்; பிப்பைத் தனியே ஏவாமல், நிரலை இயக்கும் அதே பைத்தான் வாயிலாக ஏவினால், தொகுப்பு வேறொரு பைத்தானுக்குப் போய்ச் சேராது; 2012 முதல் மொழியோடு வரும் வென்வ் கருவியால் ஒவ்வொரு பணிக்கும் தனிச் சூழலை அமைத்துக்கொண்டால், ஒன்றின் பதிப்பு மற்றொன்றைக் கெடுக்காது. மாணவருக்கு முதலில் கற்பிக்க வேண்டியது இந்தப் பட்டியலைப் பார்க்கும் பழக்கமே என்பது என் திடமான அபிப்பிராயம். கட்டளைகளை மனப்பாடம் செய்விப்பது அதற்கு ஈடாகாது.

கிராம மக்களுக்கு உயர்கல்வி என்ற இலட்சியத்தோடு 1956இல் தோன்றிய காந்திகிராம கிராமிய நிறுவனத்தின் கணினி மாணவர்களும், திண்டுக்கல் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்களும், பருவத்துக்கு ஒரு நாளாவது அருகிலுள்ள அரசுப் பள்ளிக்குச் சென்று, பிழைச் செய்தியை அஞ்சாமல் படித்துக் காரணத்தைத் தேடும் முறையைத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.