நில அளவை, புவியிட அறிவியல், சுற்றுச்சூழல் மேலாண்மை: இந்தியாவில் முதுநிலைப் படிப்பு

நிலத்தை அளப்பது, அளந்ததை வரைபடமாகவும் தரவாகவும் ஆக்குவது, அந்தத் தரவைக் கொண்டு நீர்நிலை, காடு, கடற்கரை ஆகியவற்றைக் காப்பது ஆகிய மூன்றும் ஒரே வேலையின் தொடர்ச்சி. ஆயினும் இந்தியப் பல்கலைக்கழகங்களில் இவை பெரும்பாலும் வெவ்வேறு துறைகளில், இரண்டாண்டு எம்.இ., எம்.டெக்., எம்.எஸ்சி. பட்டங்களாகக் கற்பிக்கப்படுகின்றன.

இத்துறைக் கல்வியில் சென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு. அளவையாளர் மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் 1794இல் தொடங்கப்பட்ட நில அளவைப் பள்ளியே இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் மூலம். 1802இல் அளவையாளர் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கிய தன் பெரும் முக்கோண அளவைக்கு அடிக்கோடு அளந்தது பக்கத்திலுள்ள பரங்கிமலையில். இப்போது கிண்டி வளாகத்தில் தொலையுணர்வுக்கும் சுற்றுச்சூழல் ஆய்வுக்கும் தனித்தனி மையங்கள் உள்ளன.

டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் 1966இல் நெதர்லாந்தின் உதவியுடன், வான்படங்களைப் படித்தறியும் பயிற்சிக்கென நிறுவப்பட்டது. இன்று அது இஸ்ரோவின் ஓர் அங்கம். அங்கே காடு, நீர்வளம், வேளாண்மை, நகரமைப்பு எனத் துறைவாரியாகத் தொலையுணர்வில் எம்.டெக். படிக்கலாம், பட்டம் வழங்குவது ஆந்திரப் பல்கலைக்கழகம். ரூர்க்கி, கான்பூர், பம்பாய் ஐஐடிகளிலும் இத்துறைப் படிப்புகள் உண்டு.

புவியிடப் படிப்பின் அடித்தளம் பிழைக் கணக்கு. மீச்சிறு வர்க்க முறை, ஒளிப்பட அளவியல், செயற்கைக்கோள் நிலையறிதல், ஜிஐஎஸ் எனும் புவியியல் தகவல் முறைமை எல்லாம் அதன்மேல் எழுபவை. சுற்றுச்சூழல் மேலாண்மையில் தாக்க மதிப்பீடும் சட்டமும் கழிவு மேலாண்மையும் முதன்மை பெறுகின்றன. இரண்டையும் பிரித்தே படிப்பதன் குறை களத்தில் தெரியும். 2022இல் ராம்சர் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் நீர்ப்பரப்பு மழைக்கேற்ப விரிந்து சுருங்குகிறது; வருவாய்த் துறை ஆவணத்திலோ சர்வே எண்ணின் எல்லை அசையாத கோடு. தரையும் ஏறக்குறைய சமதளம். ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டரே சரியும் நிலத்தில், உயரத்தில் அரை மீட்டர் பிழை நேர்ந்தால் வெள்ள எல்லை 500 மீட்டர் தள்ளிப்போகும். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவுகளின் பிழையோ சில மீட்டர் வரை போகும். இதை அறியாத மேலாளர் வெள்ளப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார். சட்டம் அறியாத அளவையாளருக்கு எந்தக் கோட்டைக் குறிக்க வேண்டும் என்பதே தெரியாது. ஆகவே புவியிடப் படிப்பில் சேர்பவர் விருப்பப் பாடமாகச் சூழலியலையும், மேலாண்மை படிப்பவர் ஜிஐஎஸ்ஸோடு கள அளவையையும் எடுப்பது நல்லது. மென்பொருளை மட்டும் கற்றுத்தந்து, டோட்டல் ஸ்டேஷன் என்னும் அளவைக் கருவியைக் கையில் கொடுக்காத படிப்பு அரைப் படிப்பே.

எம்.டெக். சேர்க்கைக்குப் பெரும்பாலும் கேட் (GATE) நுழைவுத் தேர்வின் மதிப்பெண் கேட்கப்படும். சுற்றுச்சூழல் அறிவியலுக்கு 2021 முதலும் புவியிடப் பொறியியலுக்கு 2022 முதலும் அதில் தனித் தாள்கள் உள்ளன. கட்டடப் பொறியியல் மட்டுமின்றி நிலவியல், புவியியல் படித்தவர்களையும் சேர்க்கும் நிறுவனங்கள் உண்டு.

2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வரைபடத் தரவுகளின் மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபின் தனியார் துறையிலும் வாய்ப்புகள் திறந்துள்ளன. வேலையில் இருந்துகொண்டே கற்க விரும்புவோருக்கு டேராடூன் நிறுவனம் இணையவழிக் குறுகியகாலப் படிப்புகளைக் கட்டணமின்றி நடத்துகிறது.