வாச்சாத்தி

தருமபுரி மாவட்டம் அரூருக்கு அருகே, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர். மக்களில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இப்பெயருக்குக் கேரளத்தோடு தொடர்பில்லை, மலையில் வாழ்வோர் என்பதே பொருள் என்பர். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பின் காடும் சந்தன மரமும் அரசின் கைக்குப் போயின.

1990களின் தொடக்கம், சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனுக்கான தேடுதல் வேட்டைக் காலம். மலையோர ஊர்கள் பலவற்றின் மீதும் சந்தேகம் படிந்திருந்தது. 1992 ஜூன் 20 காலை, சந்தனக் கட்டை தேடி வந்த வனத்துறையினருக்கும் ஊராருக்கும் கைகலப்பு ஏற்பட்டது. முதலில் கைநீட்டியவர் யார் என்பதில் இரு தரப்பும் வேறு வேறு விதமாகச் சொல்கின்றன. அன்றே வனத்துறையினர், காவலர்கள், வருவாய்த்துறையினர் பெரும்படையாக ஊருக்குள் புகுந்தனர். ஆண்கள் பலர் மலைக்கு ஓடிவிட்டனர். அகப்பட்டவர்களை, பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக, ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தனர். ஊர் கூடிப் பேசும் இடமே வதைக்களமானது. இளம்பெண்கள் 18 பேரை ஏரிப் பக்கம் கொண்டுபோய் வன்புணர்வுக்கு உள்ளாக்கினர். பின்னர் பெண்களை அரூர் வனத்துறை அலுவலகத்தில் அடைத்துவைத்து, சேலம் மத்திய சிறைக்கு அனுப்பினர். கைதான 133 பேரில் 90 பேர் பெண்கள், 28 பேர் குழந்தைகள். வீடுகள் இடிக்கப்பட்டன, தானியங்கள் பாழாயின, கிணறுகளும் தப்பவில்லை. உடைந்த கண்ணாடித் துண்டுகள் கலந்த தானியத்தைப் பற்றி ஊர்ப் பெண்கள் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அரசுத் தரப்பு தொடக்கத்தில் இவற்றை மறுத்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் செய்தியை வெளிக்கொணர்ந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. நல்லசிவன் நீதிமன்றத்தை நாடினார். 1995இல் விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்களே: வனத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6. பாதிக்கப்பட்ட பெண்கள் நீதிமன்றப் படியேறி அடையாளம் காட்டினர். குறுக்கு விசாரணைகளையும் தாங்கி, சொன்ன சொல்லில் நின்றனர். வழக்கு உயிரோடிருந்ததற்கு அந்த உறுதியே முதற்காரணம். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளிக்கையில் 54 பேர் இறந்துபோயிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. அவர்களில் 17 பேர் மீது வன்புணர்வுக் குற்றம் உறுதியானது.

மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023இல் ஊரை நேரில் பார்வையிட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டு, அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கச் சொன்னது.