ஐயோ முதல் ம்ம்ம் வரை: தமிழில் உணர்ச்சி ஒலிகளின் வரலாறு

ஐயோ, அடடா, சீ, ப்ச், ம் போன்று ஓரிரு எழுத்துகளில் மனநிலையை வெளியிடும் சொற்கள் இன்று வியப்பிடைச்சொற்கள் எனப்படுகின்றன. இப்பெயர் அவ்வளவு பொருத்தமானதன்று. வியப்பு மட்டுமன்றித் துயரம், வெறுப்பு, ஏளனம், இசைவு, மறுப்பு என எல்லாவற்றுக்கும் இவை பயன்படுகின்றன. இவற்றின் பொருள் பாதி எழுத்தில் இருக்கிறது, மீதி ஒலியில் இருக்கிறது. 'ஓ' என்று சட்டென முடித்தால் 'புரிந்தது' என்று பொருள். அதையே நீட்டி ஏற்றினால் 'அப்படியா சேதி!' என்றாகும், நீட்டி இறக்கினால் ஏமாற்றம். அந்த ஒலியை எழுத்தில் எப்படிக் காட்டுவது என்பது மிகப் பழைய சிக்கல்.

தொல்காப்பியம் இவற்றுக்கெனத் தனி வகை எதையும் அமைக்கவில்லை. இடையியலிலும் உரியியலிலும் இவை சிதறிக் கிடக்கின்றன. இடைச்சொல் பெயரோடும் வினையோடும் சேர்ந்தே இயங்கும், தனித்து இயங்காது என்பது பொதுவிதி. ஒருவர் 'ஐயோ' என்று அலறும்போது அங்கே பெயரும் இல்லை, வினையும் இல்லை. விதி இங்கே சற்று இடறுகிறது. ஆனால் தனித்தனிச் சொற்களைப் பற்றிய குறிப்புகள் மிகக் கூர்மையானவை. 'அம்ம' என்பது கேட்பிக்கும் சொல் என்கிறது இடையியல். இது தாயைக் குறிப்பதன்று. பேச்சைத் தொடங்குமுன் எதிரில் இருப்பவரின் கவனத்தை இழுப்பது. இன்று 'இந்தாப்பா', 'ஏங்க', 'டேய்' ஆகியவை செய்யும் வேலை அதுதான். உரியியலில் 'ஐ' என்பதற்கு வியப்பு என்று பொருள் கூறப்படுகிறது. உரையாசிரியர்கள் அதைச் செய்யுள் வழக்கில் வைத்தே விளக்கினர். பலூனைக் கண்ட குழந்தை 'ஐ!' என்று கூவும்போது அந்த நூற்பா நினைவுக்கு வரும். ஆனால் அதை மட்டும் கொண்டு இரண்டுக்கும் நேர் உறவு உண்டென்று முடிவு கட்டிவிட முடியாது.

இவற்றுள் முதன்மையானது ஔகாரத்தைப் பற்றிய நூற்பா. நீண்டு ஒலித்தாலும் நீளாமல் ஒலித்தாலும் அதன் பொருள் வேறுபாடு சொல்பவரின் குறிப்பைக் காட்டும் ஓசையால் விளங்கும் என்று அது கூறுகிறது. எழுத்து ஒன்று, ஓசை பல, ஓசைக்கு ஒரு பொருள் என்ற இந்தக் கருத்து எல்லா உணர்ச்சி ஒலிகளுக்கும் பொருந்தும். ஓகார இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் ஆறு பொருள் சொன்னது; 13ஆம் நூற்றாண்டின் நன்னூல் எட்டாக்கியது. கூடியவற்றுள் ஒன்று 'கழிவு', அதாவது நடந்து முடிந்ததை எண்ணி இரங்குவது.

'ஐயோ' என்பது 'ஐயன்' என்பதன் விளியிலிருந்து வந்ததாகக் கொள்வர். துன்பத்தில் அம்மா, அப்பா, ஆத்தாடி என்று உறவை அழைப்பதும் இதே வழிதான். புறநானூற்றின் 255ஆம் பாடலில், மாண்டுகிடக்கும் கணவனைக் கண்ட பெண் 'ஐயோ' எனக் கதறவும் தயங்குகிறாள். ஓசை கேட்டுப் புலி வந்துவிடுமோ என்ற அச்சம். ஐயோ என்பது யமனின் மனைவி பெயர், அதனால் அப்படிச் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளைத் தடுக்கும் பெரியவர்கள் இன்றும் உண்டு. இவ்வளவு கனமான சொல்லே இன்று 'ஐயோ, எவ்வளவு அழகு!' என்று கொஞ்சவும் செய்கிறது.

ஓசையை நீட்ட வேண்டுமானால் அதற்கேற்ற அளவுடைய எழுத்தைக் கூட்டிக்கொள்க என்பது தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் வழிகாட்டல். 'ஓஒ' என நெடிலின் பின்னே அதன் இனக்குறிலை எழுதுவது அளபெடை. மெய்யும் இவ்வாறு நீளும். நன்னூல் அளபெடுப்பதாகக் காட்டும் மெய்களுள் மகரமும் ஒன்று. ஆயினும் ஓலைச்சுவடியில் இந்த நுட்பம் பெரும்பாலும் மறைந்தே போயிற்று. ஓலை கிழியும் என்று புள்ளியிடாமல் எழுதியதால் 'ம', 'ம்' வேறுபாடும் 'ஒ', 'ஓ' வேறுபாடும் கண்ணுக்குத் தெரியவில்லை. எகர ஒகரக் குறில் நெடில்களுக்குத் தெளிவான வடிவ வேறுபாடு வீரமாமுனிவரின் (1680–1747) சீர்திருத்தத்தோடு வந்தது. நிறுத்தக்குறிகள் ஐரோப்பியர் தொடர்பால் வந்தவை. 19ஆம் நூற்றாண்டு உரைநடையில் அவற்றைப் பரப்பியதில் ஆறுமுக நாவலருக்குப் பெரும் பங்குண்டு. ஆச்சரியக்குறி உணர்ச்சி இருப்பதைச் சொல்லும், எந்த உணர்ச்சி என்பதைச் சொல்லாது. 'அடடா!' பாராட்டாகவும் இருக்கலாம், இழவு கேட்டபோது எழுந்ததாகவும் இருக்கலாம்.

கைப்பேசியில் தட்டச்சிட்டுப் பேசுவோர், பெரும்பாலும் அறியாமலேயே, பழைய கருவிகளைக் கையில் எடுத்துள்ளனர். 'ஐயோஓஓ' என்பது அளபெடையே. குறிலுக்குப் பதில் நெடில் வருவது மட்டும்தான் மாற்றம். 'ஐயோோோ' என்று கால்களை மட்டும் நீட்ட முயன்றால் எழுத்துரு புள்ளிவட்டங்களைக் காட்டி முரண்டு பிடிக்கும். விரைவில் சொல்லும் சொல் மூன்று முறை வரை அடுக்கலாம் என்று தொல்காப்பியம் வரம்பிட்டது. 'ஐயோ ஐயோ ஐயோ' பெரும்பாலும் அங்கேயே நிற்கிறது.

'ம்' படும் பாடு தனி. கதை கேட்பவர் 'உம்' கொட்டுவது பழைய வழக்கம். அது நின்றால் குழந்தை தூங்கிவிட்டது என்று பாட்டிக்குத் தெரியும். நேரில் அது 'கேட்கிறேன், சொல்லு' என்ற ஊக்கம். திரையில் தனித்து நிற்கும் 'ம்' கோபமாகவோ சலிப்பாகவோ படிக்கப்படுகிறது. அந்த ஐயத்தைத் தவிர்க்கவே 'ம்ம்', 'ம்ம்ம்' என நீள்கிறது. யாழ்ப்பாணத்தார் ஆமாம் என்பதற்கு 'ஓம்' என்று அனுப்பும்போது தமிழகத்து நண்பர் மந்திரமோ என்று மயங்குவதும் உண்டு.

கதையாசிரியர்கள் 'உச்சுக் கொட்டினாள்' என்று எழுதி அந்த ஒலியைத் தாண்டிச் சென்றனர். இருவர் மட்டும் எழுதிப் பேசும்போது இடையில் கதைசொல்லி இல்லை. ஒலியையே எழுத்தாக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பிறந்த 'ப்ச்', மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்ற மரபை மீறிக்கொண்டு நாள்தோறும் எழுதப்படுகிறது.